லாரி கேபினுக்கு சோலார் போட்ட கதை

"மருந்தை எங்க வெக்கிறீங்க?"

டாக்டர் கேட்ட இந்த ஒரு கேள்வியில்தான் எல்லாம் ஆரம்பிச்சது. எங்க மாமாவுக்கு (அம்மாவோட தம்பி) சர்க்கரை. நாலு வருஷமா இன்சுலின் போடறார். போன சித்திரையில வண்டியை விட்டு இறங்கி வீட்டுக்கு வந்தவர் நாலு நாள்ல பாதியா இளைச்சுட்டார். ராத்திரி எட்டு தடவை எழுந்து போறார். டெஸ்ட் எடுத்தா சர்க்கரை 400ஐத் தாண்டி நிக்குது. டாக்டர் ஊசி ஒழுங்கா போடறீங்களான்னு கேட்டார். ஒரு வேளைகூட விடலைன்னு மாமா சத்தியம் பண்ணினார். அப்பதான் அந்தக் கேள்வி.

"வண்டியிலதான் சார். டேஷ்போர்டுக்குள்ள."

டாக்டர் தலையில கை வெச்சுக்கிட்டார்.

கொஞ்சம் முன்கதை. மாமா ஒரு பத்து சக்கர லாரியை டியூ கட்டி ஓட்டறார். எங்க கும்மிடிப்பூண்டி சிப்காட்ல இரும்பு ரோலிங் மில் நிறைய. இங்கிருந்து கட்டடக் கம்பி ஏத்திக்கிட்டு நெல்லூர், விஜயவாடா பக்கம் போவார். திரும்பும்போது கிடைக்கிற லோடு. மாசத்துல இருபது, இருபத்தஞ்சு நாள் ராத்திரி அவர் படுக்கிறது சீட்டுக்குப் பின்னாடி இருக்கற அந்தப் பலகையிலதான். சமையல் வண்டியில, துணி காயறது வண்டியில, சாமி படம் வண்டியில. வெளிநாட்டுக்காரங்க லட்சக்கணக்குல செலவு பண்ணி சக்கரம் வெச்ச வீடு வாங்கி ஊர் சுத்தறாங்க. கேரள சுற்றுலாத் துறைகூட 2021ல் 'கேரவன் கேரளா'ன்னு ஒரு திட்டம் ஆரம்பிச்சது. எங்க வீட்ல அப்படி ஒரு வீடு ரொம்ப நாளா இருக்கு. அதை நாங்க வீடுன்னு சொன்னதில்லை, அவ்வளவுதான்.

இன்சுலின் விஷயம் தெரியாதவங்களுக்கு: திறக்காத மருந்து 2ல இருந்து 8 டிகிரிக்குள்ள இருக்கணும். திறந்து பயன்படுத்தறதை பொதுவா 30 டிகிரிக்குக் கீழ நாலு வாரம் வரைக்கும் வெளியில வெச்சுக்கலாம் (மருந்துக்கு மருந்து மாறும், அட்டையில போட்டிருக்கும்). உறைஞ்சு போனாலும் கெட்டுடும், சூடானாலும் கெட்டுடும். கெட்டுப்போனது பார்க்க அப்படியே இருக்கலாம், வேலை மட்டும் செய்யாது. மத்தியானம் ரெண்டு மணிக்கு வெயில்ல நின்ன கேபினுக்குள்ள நான் ஒரு தெர்மாமீட்டரை வெச்சுப் பார்த்தேன். 47 டிகிரி. மாமா ஒரு மாசமா ஊசி போட்டுக்கிட்டது கிட்டத்தட்ட வெறும் தண்ணி.

நான் ஈ.இ.இ. மூணாவது வருஷம். "நீ கரண்ட்டுக்குத்தானே படிக்கற, எதனா செய்யேண்டா"ன்னு அம்மா ஒரு பார்வை பார்த்தாங்க. அவ்வ்வ்.. செமஸ்டர்ல பவர் எலக்ட்ரானிக்ஸ் அரியர் வெச்சவன்னு அவங்களுக்குத் தெரியாது.

முதல் முயற்சி: மண்பானை. பாட்டி சொன்னது. பானைக்குள்ள பானை, நடுவுல ஈர மணல். தண்ணி ஆவியாகும்போது சூட்டை எடுத்துட்டுப் போகும். தத்துவம் சரிதான். ஆனா காத்துல ஈரம் குறைவா இருந்தாதான் இது நல்லா வேலை செய்யும், எங்களுது கடலோர ஊர். அதைவிட முக்கியம், சூலூர்பேட்டை தாண்டி ஒரு பள்ளத்துல வண்டி குதிச்சதுல பானை ரெண்டாப் போச்சு. மணல் முழுக்க மாமா படுக்கையில.

இரண்டாவது முயற்சி என் மேதாவித்தனம். கார்ல வைக்கிற 12 வோல்ட் கூலிங் பாக்ஸ் ஒண்ணு விலை மலிவா கிடைச்சது. லாரியில 24 வோல்ட், அதாவது ரெண்டு 12 வோல்ட் பேட்டரியைத் தொடரா இணைச்சிருப்பாங்க. நம்ம ஊர்ல பாட்டு பெட்டி மாட்டறவங்க பண்ற மாதிரியே ரெண்டுல ஒரு பேட்டரியில இருந்து மட்டும் வயர் எடுத்து பாக்ஸை மாட்டிவிட்டேன். சில்லுனு இருந்தது. மாமா முதுகுல தட்டிக் கொடுத்தார். "இன்னா மூளைடா நைனா உனக்கு!"

மறுநாள் ஒரு மில் கேட்ல வரிசையில நின்னிருக்கார். ராத்திரி பூரா நின்னாச்சு. காலையில டோக்கன் நம்பரைக் கூப்பிட்டாங்க. சாவியைத் திருப்பினா டிக்.. டிக்.. அவ்வளவுதான். வண்டி எழுந்திருக்கலை. பின்னாடி நின்ன வண்டிங்க எல்லாம் ஹாரன். இன்னொரு லாரியில இருந்து கேபிள் போட்டு எழுப்பறதுக்குள்ள முறை போச்சு. மறுபடியும் வரிசைக் கடைசி. ஒரு நாள் வாடகை காலி. மாமா போன்ல என்னைத் திட்டலை, அதான் இன்னும் கஷ்டமா இருந்தது. "பரவால்ல மாப்ள, மருந்து சில்லுனு இருக்கு"ன்னார்.

அன்னைக்கு ராத்திரி கணக்கு போட்டேன். மாட்டறதுக்கு முன்னாடி போட்டிருக்க வேண்டிய கணக்கு. அந்த பாக்ஸ்ல இருக்கறது கம்ப்ரஸர் இல்லை, பெல்டியர் தகடு. ஒரு பக்கம் சில்லுனும் மறு பக்கம் சூடாவும் ஆகற சின்னத் தகடு. அது நிக்காம 48 வாட் இழுக்கும். 12 வோல்ட்ல 4 ஆம்பியர். 26 மணி நேரத்துக்கு 104 ஆம்பியர் அவர். பேட்டரியே 130தான். அதுலயும் வண்டியை ஸ்டார்ட் பண்ற பேட்டரி, ஒரு நொடி பெரிய கரண்ட்டைக் கொடுத்துட்டு உடனே மறுபடி நிரம்பறதுக்காக செஞ்சது. அதை அடி வரைக்கும் வழிச்செடுத்தா சீக்கிரம் செத்துடும். ஒரு பேட்டரியில மட்டும் எடுத்ததால ரெண்டும் சமமில்லாம போனது தனிக் கொடுமை. இதோட, வெளியில இருக்கற சூட்டைவிட ஒரு 20 டிகிரி கம்மி பண்றதே பெல்டியருக்குப் பெரிய விஷயம். கேபின் 47னா உள்ள 27. மருந்துக்குப் போதும், ஆனா அதுக்கு விலை ஒரு லாரி.

இங்கதான் சோலார் வந்தது. நண்பன் ஒருத்தன் ஒரு படம் காட்டினான். உங்கள்ல பல பேர் பார்த்திருப்பீங்க. நாமக்கல் மாவட்டம் பரமத்தி வேலூர்க்காரர் அருண் பிரபுன்னு ஒரு கட்டடக்கலைஞர், ஒரு மூணு சக்கர ஆட்டோ மேல வீடு கட்டினார். 'சோலோ 0.1'னு பேர். 36 சதுர அடிக்குள்ள படுக்கை, சமையல், குளியல், கழிப்பறை எல்லாம். மேல 600 வாட் சோலார், 250 லிட்டர் தண்ணித் தொட்டி. பழைய வண்டிச் சாமான்களையும் வெச்சு ஏறத்தாழ ஒரு லட்ச ரூபாய்க்குள்ள முடிச்சார். 2021ல் ஆனந்த் மஹிந்திரா அதை ட்விட்டர்ல பகிர்ந்ததும் ஊர் உலகமெல்லாம் பரவிச்சு. ஆட்டோ மேல முடியும்னா லாரி மேல முடியாதா?

உடனே எங்க வீட்ல எல்லாரும் இன்ஜினியர் ஆயிட்டாங்க. திருவள்ளூர் மாவட்டத்துல இன்வெர்ட்டர் தெரியாத வீடு உண்டா? பக்கத்துலயே வல்லூர்ல 1500 மெகாவாட் அனல்மின் நிலையம் இருக்கு. ஆனா 2012 வாக்கில, சென்னை எல்லைக்கு வெளிய இருந்த எங்களை மாதிரி ஊருங்க எத்தனை மணி நேரம் இருட்டுல இருந்ததுன்னு பெரியவங்களைக் கேளுங்க. அப்ப வாங்கின இன்வெர்ட்டர் இன்னும் எங்க வீட்டு ஹால் மூலையில இருக்கு. அதனால எல்லாரும் சொன்னது ஒண்ணுதான்: "ஒரு பெரிய இன்வெர்ட்டரா வாங்கிப் போட்டுடு, அப்புறம் எதை வேணா மாட்டிக்கலாம்." மாமா பட்டியல் போட்டார்: ஃபேன், ரைஸ் குக்கர், கொசு மெஷின், முடிஞ்சா ஒரு குட்டி டிவி.

இந்தத் தடவை நான் நோட்டை எடுத்தேன். ஒவ்வொண்ணும் எத்தனை வாட், எத்தனை மணி நேரம்.

ரைஸ் குக்கர் 700 வாட். அரை மணி நேரம் சோறு வெச்சா 350 வாட் அவர். சின்ன கம்ப்ரஸர் ஃப்ரிட்ஜ் ஒண்ணு நாள் முழுக்க ஓட ஏறக்குறைய அதே அளவுதான். சூடு பண்ற எந்தச் சாமானும் கரண்ட்டைக் குடிச்சுடும். திருவண்ணாமலை மாணவி வினிஷா உமாசங்கரோட சோலார் இஸ்திரி வண்டி ஞாபகம் இருக்கா? 2020ல் ஸ்வீடன்ல குழந்தைகள் பருவநிலைப் பரிசு வாங்கினது. 2021ல் கிளாஸ்கோ மாநாட்டுல அந்தப் பொண்ணு பேசினதும் அதை வெச்சுத்தான். அந்த வண்டி ஆறு மணி நேரம் இஸ்திரி போட அஞ்சு மணி நேரம் நல்ல வெயில்ல நிக்கணும். அங்க கரியை ஒழிக்கணும்கறது நோக்கம், அதனால அந்தச் செலவு நியாயம். மாமா வண்டியில அஞ்சு கிலோ சிலிண்டர் ஏற்கெனவே இருக்கு. குக்கரை அடிச்சேன்.

கொசு மெஷின் அஞ்சே வாட்தான். ஆனா அது 230 வோல்ட். அதுக்காக ஆயிரம் வி.ஏ. இன்வெர்ட்டரை ராத்திரி பூரா திறந்து வெச்சா, இன்வெர்ட்டர் சும்மா விழிச்சிருக்கறதுக்கே பத்து வாட் கிட்ட சாப்பிடும். அஞ்சு வாட் கொசு மெஷினுக்குப் பத்து வாட் காவல்காரன்! கொசுவலை வாங்கினோம். 250 ரூபாய்.

மிச்சம் இருந்தது: 24 வோல்ட்லயே நேரா ஓடற 15 வாட் ஃபேன், பத்து மணி நேரத்துக்கு 150. ரெண்டு போன், ஒரு எல்.ஈ.டி. லைட், 40. இன்சுலினுக்கு சின்ன கம்ப்ரஸர் பாக்ஸ் (12லயும் 24லயும் ஓடும், 40 வாட், ஆனா மூணுல ஒரு பங்கு நேரம்தான் ஓடும்), 320. மொத்தம் 510 வாட் அவர், அதாவது அரை யூனிட். இன்வெர்ட்டரே தேவைப்படலை.

அப்புறம்தான் எனக்கு ஒரு சந்தேகம். இஞ்சின் ஓடும்போதே ஆல்டர்னேட்டர் கரண்ட் கொடுக்குதே? அதுல இருந்து நடுவுல ஒரு டிசி சார்ஜர் வெச்சு 10 ஆம்பியர் எடுத்தாலே 250 வாட். ரெண்டு மணி நேரம் வண்டி ஓடினா ஒரு நாள் தேவை முடிஞ்சது! அப்ப சோலார் எதுக்கு? சும்மா படம் காட்டவா?

மாமாகிட்டயே கேட்டேன். "ஓடினா நீ சொல்றது கரெக்ட் மாப்ள. ஓடறது யாரு?"ன்னு சிரிச்சார்.

எனக்கு அப்ப அது புரியலை.

வேலையை ஆரம்பிச்சோம். 335 வாட் பேனல் ஒண்ணு, கிட்டத்தட்ட ரெண்டு மீட்டர் நீளம், ஒரு மீட்டர் அகலம். கேபின் மேல குறுக்கா சரியா உட்கார்ந்தது. ஆனா அந்த இடம் தார்ப்பாயோட இடம். "தார்ப்பாயை எங்கடா வெக்கறது"ன்னு கிளீனர் அண்ணனுக்கும் எனக்கும் ஒரு மணி நேர வாக்குவாதம். கடைசியில பின்னாடி டூல் பாக்ஸ் பக்கம் ஒரு கம்பிக் கூடு அடிச்சோம். பேனலுக்கு அடியில காத்து போக நாலு விரல் இடைவெளி விட்டோம், ஏன்னா பேனல் சூடாக ஆக மின்சாரம் குறையும். சார்ஜ் கன்ட்ரோலர் எம்.பி.பி.டி. வகை. பேட்டரிக்கு லித்தியம் இரும்பு பாஸ்பேட், 24 வோல்ட் 50 ஆம்பியர் அவர். வீட்ல இருக்கற மாதிரி டியூபுலர் பேட்டரி மலிவுதான், ஆனா அதுல பாதிக்கு மேல எடுத்தா ஆயுசு குறையும். எடையும் அதிகம், பள்ளத்துல ஆசிட்டும் தளும்பும். லித்தியம்ல எண்பது சதவீதம் வரைக்கும் தைரியமா எடுக்கலாம். ஆக 1000 வாட் அவர், ரெண்டு நாள் தேவை. படுக்கைப் பலகைக்கு அடியில, இஞ்சின் சூடு படாத மூலையில வெச்சோம். பேட்டரியை ஒட்டியே ஃபியூஸ். இதை மட்டும் யாரும் தவிர்க்காதீங்க. ஆடற வண்டியில வயர் உரசினா அடுத்து நெருப்புதான், நடுவுல தூங்கறது நம்ம மாமா.

எல்லாம் சேர்த்து 60,000 ரூபாயை ஒட்டி வந்தது. மாமா எடுத்த சீட்டுப் பணம். எனக்குக் கை நடுங்கினது உண்மை. வண்டி பேட்டரி மேல இந்தத் தடவை கையே வைக்கலை. டிசி சார்ஜர் இஞ்சின் ஓடும்போது மட்டும்தான் திறக்கும்.

முதல் பிரச்சினை ரெண்டாவது நாளே வந்தது. மாமா வண்டியை வேப்பமரத்தடியில நிறுத்தறார்! பேனலுக்கு வெயில் வேணும், மனுஷனுக்கு நிழல் வேணும். இதை எந்தப் புத்தகத்துலயும் படிக்கலை. பேனல் மேல ஒரு கிளையோட நிழல் விழுந்தாலே வரவு சரசரன்னு இறங்குது. "அப்ப நான் வெயில்ல வேகட்டுமா"ன்னார். நியாயம்தானே? கடைசியில ஒரு ஒப்பந்தம்: காலையில பத்து மணி வரைக்கும் வெயில், அப்புறம் நிழல், கூடுமான வரைக்கும் பேனல் பக்கம் வெளிய நீட்டிக்கிட்டு.

இரண்டாவது, தூசி. சிப்காட் ரோட்ல நிக்கற வண்டி மேல மூணே நாள்ல கருப்பா ஒரு படலம். ஈரத்துணியால துடைச்ச நாளும் துடைக்காத நாளும் மீட்டர்ல பளிச்னு வித்தியாசம் தெரியுது. அந்தத் துணியை அலசின தண்ணியைப் பார்த்ததும் அம்மா சொன்னாங்க, "இதைத்தானே நாம தினமும் மூச்சுல இழுக்கறோம்." அதுக்கு என்கிட்ட பதில் இல்லை.

இப்ப அந்த "ஓடறது யாரு?"க்கு வருவோம்.

சிஸ்டம் சரியா வேலை செய்யுதான்னு பார்க்க, கிளீனர் அண்ணனை தினமும் சாயங்காலம் மீட்டரைப் போட்டோ எடுத்து வாட்ஸப்ல அனுப்பச் சொல்லியிருந்தேன். நான் நோட்ல எழுதுவேன்: சூரியன்ல எவ்வளவு, இஞ்சின்ல எவ்வளவு. இஞ்சின்ல வரவு இருந்தா வண்டி ஓடிச்சு. பூஜ்யமா இருந்தா நின்னுச்சு. முப்பது நாள் முடிஞ்சதும் கூட்டிப் பார்த்தேன். பதிமூணு நாள் பூஜ்யம்.

பதிமூணு நாள்! மில் கேட்ல லோடுக்காக. இறக்குமிடத்துல ஆள் இல்லைன்னு. ஞாயித்துக்கிழமைன்னு. பில்லுல ஒரு எழுத்து தப்புன்னு. அந்தப் பதிமூணு நாளுக்கும் மாமாவுக்கு ஒரு ரூபாய் வரலை. டியூ மட்டும் நிக்கலை. முன்னாடியெல்லாம் இந்த நாள்ல புழுக்கம் தாங்காம ராத்திரி இஞ்சினை ஓட விட்டு உட்கார்ந்திருப்பாராம். சும்மா நின்ன இடத்துலயே மணிக்கு ஒண்ணு ரெண்டு லிட்டர் டீசல் போகும்.

மத்திய அரசு ஒரு நல்ல காரியம் பண்ணியிருக்கு. 2025 அக்டோபர் 1ல இருந்து தயாராகற, 3.5 டன்னுக்கு மேற்பட்ட சரக்கு வண்டிகளோட கேபின்ல ஏ.சி. கட்டாயம். ஆனா அந்த ஏ.சி.யும் பொதுவா இஞ்சின் ஓடினாத்தான் ஓடும். மாமா வண்டி மாதிரி பழசுக்கு அதுவும் கிடையாது. ஓடும்போது டிரைவர் கண் அசரக்கூடாதுன்னு யோசிச்சவங்க, நிக்கும்போது அவர் எப்படித் தூங்குவார்னு யோசிக்கணும்.

நான் சோலாரை பயணத்துக்குன்னு நினைச்சேன். அது காத்திருக்கறதுக்கு. ஓடற நாளுக்கு இஞ்சினே போதும். ரெண்டு நாள் நின்னா பேட்டரி தாங்கும். மூணாவது நாளும் கேட் திறக்கலைன்னா அப்பதான் கூரை மேல இருக்கறது மாமாவைக் காப்பாத்துது. யாரும் கணக்குல எழுதாத அந்த நாளுங்களை எங்க வீட்ல முதல் தடவையா எண்ணிக் காட்டினது ஒரு சார்ஜ் கன்ட்ரோலர் மீட்டர்.

அந்த நோட்டை மாமாகிட்ட காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்துட்டு, "இத ஒரு பேப்பர்ல அழகா எழுதிக் குடு மாப்ள, யூனியன் மீட்டிங்ல காட்டறேன்"ன்னார். எழுதிக் கொடுத்திருக்கேன். என்ன ஆகும்னு பார்ப்போம்.

போன வாரம் டெஸ்ட் எடுத்தார். சாப்பாட்டுக்கு முன்னாடி 138. டாக்டர், "இப்ப மருந்தை எங்க வெக்கிறீங்க?"ன்னு கேட்டிருக்கார். மாமா மார்பை நிமிர்த்திக்கிட்டு, "வண்டியிலதான் சார். ஃப்ரிட்ஜ்ல!"

டிஸ்கி 1: மாமா ஆசைப்பட்டாரேன்னு ஒரு 300 வாட் குட்டி இன்வெர்ட்டரும் வாங்கிக் கொடுத்தேன். கிளீனர் அண்ணன் டிரிம்மர் சார்ஜ் போட மட்டும் உபயோகம். மத்த நேரம் அணைஞ்சே இருக்கு :-)

டிஸ்கி 2: வண்டியில எதையாவது மாத்தறதுக்கு முன்னாடி ஆர்.டி.ஓ. ஆபீஸ்ல கேட்டுக்குங்க. மோட்டார் வாகனச் சட்டம் 52வது பிரிவு இருக்கு. 2019ல் உச்ச நீதிமன்றமும் கறாரா சொல்லியிருக்கு. நாங்க கேட்டுட்டு, உயரம் கூடாம, கழட்டக்கூடிய போல்ட்ல மாட்டினோம். இன்சுலின் பத்தி உங்க டாக்டர் சொல்றதை மட்டும் கேளுங்க, என்னை நம்பாதீங்க. நான் அரியர் வெச்சவன்.